குழுப் படிப்பைப் பகிர்வு ஆவணம் வளர்க்கிறதா, கெடுக்கிறதா?

வரலாற்றுவாசி:
முதலாமாண்டுக்கு வரலாறு நடத்துகிறேன். ஐந்து பேருக்கு ஒரு கூகுள் டாக்ஸ் கொடுத்து ஒரு பழைய கடிதத்தை அலசச் சொன்னால், ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்து எழுதி ஒட்டிவிடுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதுகூட இல்லை. கணினியை மூடிவிட்டு வட்டமாக உட்காரவைப்பதே மேல்.

நிரலாளி:
வட்டமாக உட்கார்ந்தாலும் இருவர் பேசுவார்கள், மூவர் தலையாட்டுவார்கள். கயிறு இழுப்பதில் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைவதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913-லேயே எழுதிவிட்டார். அப்போது ஏது கணினி? எங்கள் நிரல் வகுப்பில் கிட் (Git) என்ற மாற்றப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது பதிவாகிவிடும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் அது சேரும் என்று விதி வைத்திருக்கிறோம்.

வரலாற்றுவாசி:
நிரலில் பிழை இருந்தால் ஓடாது, தெரிந்துவிடும். கட்டுரையில் எது நின்றுபோகும்? பதிவைப் பார்த்து மதிப்பெண் போட்டால் கணக்குக் காட்டக் காற்புள்ளியை மாற்றுவார்கள். நன்றாக யோசித்துப் பேசிவிட்டு ஒரு வரிகூடத் தட்டாத மாணவிக்குப் பூஜ்யம் போடுவதா? அநியாயம்.

அலைநீளம்:
இயற்பியல் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறையில் மாணவர் முதலில் தனியாக விடை சொல்ல வேண்டும். சரியான விடை சுமார் 30 முதல் 70 விழுக்காடு வந்தால் பக்கத்திலிருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி விடை கேட்பார்கள். விடை அட்டையைத் தூக்கிக் காட்டியும் இதைச் செய்யலாம். கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் கைக்கருவி) இருந்தால் அடுத்தவர் விடையைப் பார்த்து மாற்ற முடியாது, அவ்வளவுதான் கூடுதல். வரலாற்றுவாசி, உங்கள் குழுவில் விட்டுப்போனது அந்தத் தனி விடைதான். மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் கேள்வி-பதில் மன்றம் என்று ஒரு வகை உண்டு. தன் கருத்தை எழுதாதவரை மற்றவர் எழுதியது கண்ணில் படாது. முழுக் கடிதத்தையும் ஐவரும் தனித்தனியே படித்து அதில் எழுதட்டும்.

நிரலாளி:
மதிப்பெண் விஷயத்தில் வரலாற்றுவாசி சொல்வது சரி. யார் ஒதுங்கிப்போகிறார் என்று இரண்டாம் வாரத்திலேயே கண்டுபிடித்து அழைத்துப் பேசத்தான் எனக்கு அந்தப் பதிவு உதவியிருக்கிறது.

வரலாற்றுவாசி:
அலைநீளம் சொன்ன மன்றத்தை அடுத்த பாடத்துக்கு வைத்துப் பார்க்கிறேன், வகுப்புக்கு முந்தைய நாளே எழுதிவிடச் சொல்லி. ஆனால் ஐந்து வாசிப்பும் மோதிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம் நேரில்தான், கணினியை மூடிவைத்துத்தான். அதை விட்டுத்தர மாட்டேன்.