மாடி சோலாருக்கு இன்சூரன்ஸ்: உப்புக்காத்து ஊர்க்காரங்க அனுபவம்

தெற்குவாடி:
கச்சான் காத்து பேயா அடிச்ச ராத்திரி ரெண்டு பேனல் கிளம்பிப் போச்சு. ஒண்ணு பக்கத்து வீட்டு ஓட்டு மேல, இன்னொண்ணு தோப்புக்குள்ள. பாலிசி இருக்கு. பாரத் கிருஹ ரக்ஷாங்கிற வீட்டு இன்சூரன்ஸ்தான், சோலாரையும் சேர்த்தே எழுதியிருக்கு. நஷ்டத்தை மதிப்பு போட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாரு. மோர் குடுத்தோம், குடிச்சாரு, நல்ல மனுசன்தான். மாடி ஏறினவரு பறந்து போன பேனலைத் திரும்பிக்கூடப் பாக்கல. நிக்கிற ஸ்டாண்டுகிட்டக் குந்தி, பைக் சாவியை எடுத்து கிளாம்ப்பைச் சுரண்டினாரு. துரு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. அதை உள்ளங்கையில ஏந்தி போட்டோ புடிச்சுக்கிட்டாரு. "காத்துல போகலண்ணே, துருவுல போயிருக்கு."

புயலுக்குக் காசு உண்டு, தேய்மானத்துக்குக் கிடையாது, துரு தேய்மானத்துல சேர்த்தியாம். பாம்பன்ல துருப்பிடிக்காத இரும்பு எங்கய்யா இருக்கு? கடைசியில பேனலுக்கு ஏதோ கொஞ்சம் போட்டாங்க, ஸ்டாண்டுக்குச் சல்லிக்காசு இல்ல. பக்கத்து வீட்டு ஓட்டுக்கு என் கைக்காசு. அடுத்தவன் சொத்துக்கு ஆன நஷ்டம் இந்தப் பாலிசியில வராதுன்னுட்டாங்க. இப்பவும் யாராச்சும் சாவியை வச்சு எதையாவது சுரண்டினா எனக்கு வயித்தெரிச்சல்.

கீழக்கரை மாடிவீடு:
எங்க காக்கா, அதான் அண்ணன், குடும்பத்தோட துபாய்ல. வீடு பூட்டித்தான் கிடக்கும். பெருநாளைக்கு வந்து பாத்தா பேனல் எல்லாம் அப்படியே இருக்கு, ஒயரைக் காணோம். செம்பு கேபிள் முழுசும் உருவிட்டுப் போயிட்டானுங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்து, அந்தத் தாளோட இன்சூரன்ஸ் ஆபீஸ் போனேன். அந்த ஆளு பாலிசியை என் பக்கம் திருப்பி வச்சு ஒரு வரியில விரலை ஊன்றாரு. தீ, புயல், வெள்ளம்னு ஏதாச்சும் நடந்து, அதுனால 7 நாளைக்குள்ள திருட்டுப் போனாத்தான் செல்லுமாம். "அப்ப திருடன் புயல் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா பாய்?"னு கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. காசு வரல.

உச்சிப்புளி தோப்பு:
நமக்கு ஒரு தேங்கா. நட்டநடு பேனல்ல விழுந்து கண்ணாடி சிலந்தி வலையா வெடிச்சுப் போச்சு. வெளியிலிருந்து ஒரு பொருள் மோதினா பாலிசியில உண்டு, குடுத்துட்டாங்க. சர்வேயர் அந்தத் தேங்காயைக் காட்டச் சொன்னாரு, நாங்க சட்னி அரைச்சு முடிச்சிருந்தோம். நல்லவேளை கொட்டாங்குச்சி கிடந்துச்சு.

மண்டபம் ரிட்டையர்டு:
தெற்குவாடி தம்பி கோவிச்சுக்கக் கூடாது. சர்வேயரைக் குத்தம் சொல்றதுல அர்த்தமில்ல. கிளாம்ப்பு என்ன சரக்குன்னு மாட்டுறப்பவே பாத்திருக்கணும். என் வீட்டுல புரெவி சமயம் ஒரு போல்ட்டுகூட அசையல. 2020ல அது பாம்பன் பக்கத்துலயே நின்னு கரைஞ்சு போன புயல், அதையும் சொல்லிடுறேன்.

யாரும் கேக்கல, இருந்தாலும் எழுதுறேன். பாலிசியில வீட்டுக்குத் தொகை போடுறது சதுர அடியை கட்டுமானச் செலவால பெருக்கித்தான். சோலார், தண்ணித் தொட்டி, காம்பவுண்டு சுவர் இதெல்லாம் கூடுதல் கட்டமைப்பு. அதோட மதிப்பை நீங்க தனியாச் சொல்லணும், ஏஜெண்டா கேக்க மாட்டான். அந்த மதிப்பையும் மானியம் கழிச்சுச் சொல்லாதீங்க. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வாங்கியிருப்பீங்க, பேனல் பறந்தா அதை மறுபடி யாரு தருவா? முழு பில் தொகையைச் சொல்லுங்க. அடுத்தது இன்வெர்ட்டர். ஷார்ட் சர்க்யூட், ஓவர்ஹீட்டுல அதுவா எரிஞ்சு போனா இந்தப் பாலிசி அந்த மெஷினுக்குத் தராது. வாரண்டியைத்தான் புடிக்கணும், இல்லைன்னா மெஷின் பிரேக்டவுனுக்குத் தனியா எடுக்கணும். அந்த வாரண்டியிலயும் கடலோரம்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், படிங்க. பேனலுக்கு உப்புக்காத்து சோதனை உண்டு, ஐ.இ.சி. 61701னு பேரு, அந்த சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி பாலிசியோட வைங்க. போல்ட்டெல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போடுங்க, 304 ரகம் நம்ம காத்துக்குத் தாங்காது. வாடைக்காத்து கிளம்புறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி விட்டுக் கழுவி, கிளாம்ப்பு ஒவ்வொண்ணையும் தேதியோட போட்டோ எடுங்க. கிளைமை மறுத்தா கம்பெனிக்கே முதல்ல புகார் எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலும், பதில் சரியில்லைன்னாலும் சென்னையில இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்காரு, பைசா செலவில்ல, வக்கீலும் வேண்டாம்.

தெற்குவாடி:
ஐயா, கடலுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். உங்க வீடு ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்னு நீங்களே போன தடவை எழுதினீங்க. மாட்டினப்பவே 316தான் கேட்டேன், பில்லுலயும் அப்படித்தான் இருக்கு. மாட்டிட்டுப் போனது என்னன்னு சாவி சுரண்டினப்பத்தான் தெரிஞ்சுது. மாட்டினவன் போன் எடுக்க மாட்டேங்கிறான்.

உச்சிப்புளி தோப்பு:
மானியத் திட்டத்துல போட்டதுன்னா 5 வருசம் பராமரிப்பு மாட்டினவன் பொறுப்புண்ணே. பில்லை வச்சு அவனைப் புடிங்க. சர்வேயர் எடுத்த போட்டோவே உங்களுக்குச் சாட்சி.

தொண்டிக்காரி:
எங்க கதை வேற. வீட்டுக் கடன் போட்டப்ப பேங்க்ல அவங்களே ஒரு பாலிசி போட்டுட்டாங்க. சோலார் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. இடி விழுந்துச்சு, பேனலும் இன்வெர்ட்டர் பெட்டியும் ஒரே நேரத்துல போச்சு. பாலிசி காப்பியை பேங்க்ல போய்க் கெஞ்சித்தான் வாங்கினேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு சாவகாசமா படிச்சிட்டு, "மாடியில என்ன இருக்குன்னு இதுல எழுதலையேக்கா"ன்னா. அவ மேல தப்பில்ல. ஆனா அந்தத் தாளை என் கண்ணுல காட்டாமலே வருசா வருசம் பிரீமியம் மட்டும் அக்கவுண்ட்ல புடிச்சாங்களே, அதைக் கேட்டா யாருகிட்டயும் பதிலில்ல. ரிட்டையர்டு சார் சொன்னது எல்லாம் சரி. பாலிசி நம்ம கையில இருந்தாத்தானே சார் படிக்க?

வேர்க்கோடு:
2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு எங்க இன்வெர்ட்டர் முங்கிருச்சு. கீழ்ச் சுவத்துல மாட்டியிருந்தாங்க. வெள்ளம் பாலிசியில உண்டுங்கிறதால நான் தைரியமாத்தான் இருந்தேன். சர்வேயர் வந்து கேட்ட மொதக் கேள்வி, "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு, கோடு எங்க?" எங்க அம்மா அவரு வர்றதுக்கு மொத நாளே சுவத்துக்கு வெள்ளை அடிச்சிருந்தாங்க. பளிச்சுன்னு இருக்கு சுவரு. அவரு சுவத்தைப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு, "விருந்தாளி வர்றாங்கன்னு அடிச்சேன்யா"ன்னாங்க. கடைசியில எதிர்வீட்டுச் சுவத்துல கோடு இருந்துச்சு, டேப் வச்சு அளந்து எழுதிக்கிட்டாரு. காசு வந்துச்சு. புது இன்வெர்ட்டர் இப்ப மாடிப்படி உச்சியில இருக்கு.

கீழக்கரை மாடிவீடு:
தனியா திருட்டுக்கு ஒரு பாலிசி எடுக்கலாம்னு பாக்குறேன். யாராச்சும் எடுத்திருக்கீங்களா?

மண்டபம் ரிட்டையர்டு:
எடுங்க பாய். ஆனா பூட்டையோ கதவையோ உடைச்சு வந்த தடயம் இருக்கணும்னு கேப்பாங்க. உங்க மாடிக்கு வெளிப்பக்கமா படி போகுதா?

கீழக்கரை மாடிவீடு:
ஆமா சார், தெருவிலிருந்தே போகுது. கதவு கிடையாது. வெல்டிங் காக்காவுக்குப் போன் போட்டுட்டேன்.