தொட்டிக் குளத்துத் தண்ணீர் மாற்ற மாற்றப் பச்சையாகிறது, மருந்து ஊற்றலாமா?

மூன்றாவதுமாடி:
80 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு அல்லிக் கிழங்கு நட்டு, கொசுவுக்காக 6 கப்பி மீன் விட்டு ஒரு மாதம் ஆகிறது. பத்தே நாளில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிட்டது, கையை உள்ளே விட்டால் விரல் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து விட்டேன். ஒரே வாரம், மறுபடி பச்சை. மறுபடி கொட்டி நிரப்பினேன், இந்தத் தடவை மறுநாளே 2 மீன் செத்து மிதந்தன. மீதி நாலும் விடிகாலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, வெயில் ஏறினால் சரியாகிவிடுகின்றன. பாசியைக் கொல்லும் மருந்து இருக்கிறதாமே, அதை ஊற்றிவிடலாமா?

அல்லிப்பித்து:
முதலில் கொட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பச்சை, தண்ணீரில் மிதக்கிற ஒற்றைச் செல் பாசி. வெயிலும் கரைந்த சத்தும் இருக்கிற வரைக்கும் நூறு தடவை கொட்டினாலும் வரும். நீங்கள் தேய்த்துக் கழுவியபோது போனது வேறு ஒன்று. தொட்டிச் சுவரில் வழவழவென்று படிந்திருந்ததே, அதில்தான் நமக்கு வேண்டிய பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவது அவைதான். நைட்ரேட் ஆன பிறகுதான் மீனுக்குப் பெரிய ஆபத்தில்லை, செடியும் அதை எடுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கும், நீங்களோ வாரத்துக்கு ஒரு முறை புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, அல்லியை எந்த மண்ணில் நட்டீர்கள்?

மூன்றாவதுமாடி:
பூந்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த கலவைதான். தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் எல்லாம் இருக்கிறது. பாதி மேலே மிதக்கிறது, அதையும் கேட்கலாம் என்றிருந்தேன்.

அல்லிப்பித்து:
நினைத்தேன். அந்தக் கலவையில் இருக்கிற சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கி, அல்லிக்குப் போக வேண்டியது பாசிக்குப் போகிறது. உரம் கலக்காத, களிமண் சேர்ந்த தோட்டத்து மண் போதும். ஒரு கூடையில் அழுத்தி நிரப்பி நட்டு, மேலே 2 செ.மீ. கழுவிய மணலோ கூழாங்கல்லோ பரப்பினால் மண் கலங்காது. பின்னால் உரம் கொடுப்பதானால் மாத்திரையாகக் கிழங்குக்குப் பக்கத்தில் ஆழமாகப் புதையுங்கள், தண்ணீரில் தூவவே கூடாது. அல்லி இலை விரிகிற வரைக்கும் ஆகாயத்தாமரை கொஞ்சம் மிதக்க விடலாம், நீர்ப்பரப்பில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை மூடியிருந்தால் பாசிக்கு வெயில் கிடைக்காது. முழுதாக அடைத்துவிட்டால் கொசுப்புழு இருக்கிற இடத்துக்கு மீன் போக முடியாது. அதிகமானதை அள்ளி எருக்குழியில் போடுங்கள், தயவுசெய்து ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள்.

வெயில்ஆகாது:
இவ்வளவு வேலை எதற்கு? தொட்டியைத் தூக்கி நிழலில் வைத்தால் முடிந்தது.

அல்லிப்பித்து:
பாசி போகும், பூவும் போகும். அல்லிக்கு நாளுக்கு 5, 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

பழையவாளி:
மருந்து ஊற்றிவிடாதீர்கள், நான் ஊற்றிக் கெட்டவன். மூன்றே நாளில் தண்ணீர் தெளிந்தது, அதற்குள் மீன் எல்லாம் போய்விட்டது. செத்த பாசி மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, நமக்குத் தெரியவே தெரியாது.

விடிகாலையில் மீன் மேலே வருவதும் இந்தக் கணக்குதான். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கும், விடிவதற்குச் சற்று முன்னால்தான் மிகக் குறைவு. சூடான தண்ணீரில் கரைவதே கம்மி: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னக் காற்று பம்பை இரவில் மட்டும் ஓடவிடுங்கள், அல்லியிலிருந்து தள்ளி ஒரு மூலையில். இலைமேல் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்காது.

செத்த இரண்டுக்கும் குழாய்த் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். குளோரின் என்றால் வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலக்கிற ஊரில் அப்படிப் போகாது, குளோரின் நீக்கி சொட்டு மருந்து விட வேண்டும். எதுவானாலும் ஒரே நாளில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். இன்னொன்று, ஆவியானதற்கு ஈடாக ஊற்றிக்கொண்டே மட்டும் இருந்தால் உப்பு உள்ளேயே தங்கிச் சேரும். வாரம் ஒரு முறை ஒரு வாளி மொண்டு எடுத்து வேறு செடிக்கு விட்டுவிட்டு அப்புறம் நிரப்புங்கள், அந்தச் செடிகள் தளதளவென்று வரும்.

தீனி எவ்வளவு போடுகிறீர்கள்?

மூன்றாவதுமாடி:
காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை. அது அதிகமோ?

பழையவாளி:
நாலு கப்பிக்கா! பாசியும் கொசுப்புழுவும் தின்றே அவை பிழைக்கும். வாரம் இரண்டு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மிஞ்சுவதெல்லாம் உரம்தான்.

மூன்றாவதுமாடி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மண்ணை மாற்றினேன், தீனியைக் குறைத்தேன், இரவில் பம்பு ஓடுகிறது. முதல் இரண்டு வாரம் பச்சை அப்படியே இருந்தது, கொட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. இப்போது கூடையின் ஓட்டை வரைக்கும் தெரிகிறது, மீனும் காலையில் மேலே வருவதில்லை. ஆனால் கூடையில் கடுகளவில் பத்திருபது நத்தை ஒட்டியிருக்கிறது, நான் விடவே இல்லை!

அல்லிப்பித்து:
ஆகாயத்தாமரை வேரில் முட்டையாக வந்திருக்கும். இருக்கட்டும், அழுகின இலையைத் தின்னும். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் மட்டும் தீனி மறுபடி அதிகமாகிறதா என்று பாருங்கள்.