கலைச்சொல் விவாதம்: ‘ஸ்பிளிட்’ பறவையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். பட்ஜிக் குஞ்சுகளின் நிறத்தை முன்கூட்டியே கணக்கிடுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அதே ஆஸ்திரேலியச் சிறுகிளிதான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ‘ஸ்பிளிட்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

பறவை பார்வைக்குப் பச்சை. பெற்றோரில் ஒன்று நீலம். நீலத்துக்கான மரபணு இரண்டு பிரதிகள் இருந்தால்தான் வெளியே தெரியும். இதனிடம் ஒன்றுதான் இருக்கிறது. இப்படிப்பட்ட பறவையை வளர்ப்போர் ‘ஸ்பிளிட்’ என்கிறார்கள். பச்சை / நீலம் என்று சாய்கோடிட்டு எழுதுகிறார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிவது, பின்னால் இருப்பது தெரியாதது. தமிழில் சாய்கோட்டை ‘அல்லது’ என்றே எல்லோரும் படிக்கிறார்கள். மாதிரிப் பக்கத்தைப் பார்த்த இருவர், அந்தப் பறவை பச்சையா நீலமா என்று என்னையே கேட்டார்கள். ‘உள்நீலப் பச்சை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அட்டவணையில் வரிக்கு வரி வரும் சொல், நீளக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உள்ளும் நீலமும் புணர்ந்தால் உண்ணீலம். உண்ணாக்கு என்பது போல. நூலில் ஏறும் சொல் இலக்கணத்தோடு ஏற வேண்டும். பிழையோடு ஏறினால் ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் இறங்காது.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, உள்நாடு, உள்நோக்கம் என்று நாளிதழ்கள் பிரித்தே எழுதுகின்றன. யாருக்கும் பொருள் தடுமாறவில்லை. உண்ணீலம் என்று அச்சிட்டால் தீவனப் பட்டியல் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

விலங்கியல் ஆசிரியை:

புணர்ச்சி எப்படியும் போகட்டும், பொருளே தவறு. பட்ஜியின் உடல் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதனோடு மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை. நீலப் பறவை என்பது மஞ்சளை இழந்த பறவை. மஞ்சள் நிறமியை உருவாக்கும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால், ஜான் கூல்டு 1840-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன காட்டுப் பச்சைகள் உட்பட, பச்சைப் பட்ஜி ஒவ்வொன்றும் உள்நீலம்தான். நமக்கு வேண்டியதோ பச்சையில் ஒரு வகையை மட்டும் பிரித்துக் காட்டும் சொல்.

பள்ளிப் பாடநூலில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு இருக்கின்றன. ஒடுங்கு என்பதிலிருந்து தொடங்கினால் மாணவர்களுக்கு எளிது.

மொழிபெயர்ப்பாளர்:

முதலில் அதைத்தான் முயன்றேன், அம்மா. ஒடுங்கு என்பது பண்பைக் குறிக்கிறது. நீலமாகவே வெளியே தெரியும் பறவையிடமும் இருப்பது அதே ஒடுங்கு பண்புதானே? மறைந்திருக்கும் நிலைக்கு அது போதவில்லை.

யாழ்ப்பாணத்து அன்பர்:

எங்கள் பாடநூல்களில் இது இதரநுகம். கருவணுவை நாங்கள் நுகம் என்போம். கிரேக்க மூலத்துக்கும் நுகத்தடி என்பதே பொருள். இரண்டு மாடுகளைப் பூட்டுவது போல இரண்டு அணுக்கள் பூட்டப்படுகின்றன. தமிழ்நாட்டார் இந்த அழகான சொல்லை எடுத்துக்கொள்ளாதது எனக்கு நெடுநாள் வருத்தம். சொல் நீளக் கூடாது என்றால் ‘காவி’ இருக்கிறது. எங்கள் வழக்கில் காவுதல் என்றால் சுமத்தல். நோயைக் காவுவது நோய்க்காவி. நீலத்தைக் காவுவது நீலக்காவி.

மொழிபெயர்ப்பாளர்:

காவி இங்கே ஒரு நிறத்தின் பெயர். நிறங்களைப் பற்றிய கையேட்டில் நீலக்காவி என்று எழுதினால் புதிதாக ஒரு நிறம் வந்திருப்பதாகத் தேடுவார்கள். ‘கடத்தி’யையும் எண்ணிப் பார்த்தேன். அது இயற்பியலில் மின்சாரத்துக்கும் செய்தித்தாளில் தங்கத்துக்கும் போய்விட்டது.

தமிழாசிரியர்:

காவி என்றால் கருங்குவளை என்றும் பொருள் உண்டு. பெண்ணின் கண்ணுக்குக் காவியை உவமை சொல்வது பழைய மரபு. ஆக அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நீலம் இருக்கிறது. ஆயினும் அதை நான் முன்மொழியவில்லை.

என் பரிந்துரை ‘கரந்துறை’. சித்திரகவிகளில் கரந்துறைச் செய்யுள் என ஒன்று உண்டு. வெளியே ஒரு பாட்டு, அதன் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு. வெளிப்பாட்டைப் படிப்பவருக்கு உட்பாட்டு தெரியாது. எடுக்கத் தெரிந்தவர் எடுத்தால் முழுதாக வரும். மெண்டல் பட்டாணியில் கண்டதும் இதுதானே? நீலம் கரந்துறை பச்சை. வினைத்தொகை ஆதலால் பகரம் மிகாது.

விலங்கியல் ஆசிரியை:

கருத்து மிகப் பொருத்தம் ஐயா, மறுக்கவே முடியாது. ஆனால் செய்யுளுக்கு மட்டும் சகரம் மிகுகிறதே என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால்?

தமிழாசிரியர்:

அங்கே கரந்துறை என்பது பெயராக நிற்கிறது, ஆகவே மிகும். பாட வேளை ஒன்று கொடுங்கள், விளக்குகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் ஆண், பெண் என்று எழுதியிருப்பீர்கள். சேவல், பெடை என்று எழுதுங்கள். சிறகுள்ள ஆண்களில் மயில் நீங்கலாக அனைத்துக்கும் சேவற்பெயரைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது.

பறவை வளர்ப்பவர்:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். சேவல் என்று எழுதினால் வாங்க வருபவர்கள் கோழியைத்தான் தேடுவார்கள். நாங்கள் ஸ்பிளிட் என்றே சொல்கிறோம், அதிலேயே வேலை நடக்கிறது.

எனக்குச் சொல்லைவிடக் கணக்குதான் தலைவலி. இரண்டு ஸ்பிளிட் பச்சைகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று நீலம் என்று எழுதிவிடுகிறார்கள். சோடியை வாங்கிப் போனவர் கூட்டுப் பானையில் ஐந்து குஞ்சும் பச்சையாகப் பொரித்ததைப் பார்த்துவிட்டு, பறவை ஸ்பிளிட்டே இல்லை, ஏமாற்றிவிட்டாய் என்று வந்து நிற்கிறார். உங்கள் சொல் எதுவானாலும் இந்தச் சண்டையை நிறுத்துமா?

விலங்கியல் ஆசிரியை:

சொல் நிறுத்தாது, கணக்கை முழுதாக எழுதினால் நிற்கும். ஒவ்வொரு முட்டைக்கும் நீலம் ஆகாதிருக்கும் வாய்ப்பு முக்கால். முன்பு பொரித்ததை அடுத்த முட்டை அறியாது. ஐந்து முட்டைகளுக்கு முக்காலை ஐந்து முறை பெருக்குங்கள்: 1024-இல் 243. ஏறக்குறைய 24 விழுக்காடு. நான்கு பானைகளில் ஒன்றில் நேரக்கூடியது, யாரும் ஏமாற்றவில்லை.

அந்த ஐந்து பச்சைக் குஞ்சுகளும் ஸ்பிளிட்தானா என்றால் அதுவும் உறுதியில்லை. ஒவ்வொன்றும் ஸ்பிளிட்டாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆகவே நாம் தேடும் சொல் ‘இருக்கலாம்’ என்பதையும் தாங்க வேண்டும், ‘இருக்கவே முடியாது’ என்பதையும் தாங்க வேண்டும். லூட்டினோ என்னும் மஞ்சள் வகையைப் பாருங்கள். அந்த மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பறவைக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றே. பெண்ணிடம் அது இருந்தால் மஞ்சள் உடலும் சிவந்த கண்ணுமாக வெளியே தெரிந்துவிடும். மறைத்து வைக்க இடமில்லை. லூட்டினோ ஆணையும் சாதாரணப் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் பெண் குஞ்சுகள் அனைத்தும் லூட்டினோ, ஆண் குஞ்சுகள் அனைத்தும் ஸ்பிளிட் பச்சை. இறகு முளைக்கும் முன்பே கண்ணின் நிறத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லிவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர்:

இதைப் படித்ததும் வழி பிறந்தது. சாய்கோட்டை எடுத்துவிட்டு அட்டவணையில் இரண்டு பத்திகள் போடுகிறேன். முதலாவது ‘தோற்றம்’, இரண்டாவது ‘கரவு’. தோற்றம் பச்சை, கரவு நீலம். லூட்டினோ மரபில் பெண்ணுக்குக் கரவு இல்லை. மூன்றில் இரண்டு வாய்ப்புள்ள குஞ்சுக்குக் கரவு ஐயம். ஐயா தந்த சொல்லின் வேர் அப்படியே இருக்கிறது, நீளம் குறைந்துவிட்டது.

பறவை வளர்ப்பவர்:

கரவு என்றால் வஞ்சகம் என்றல்லவா படித்திருக்கிறேன்? நான் விற்கும் பறவைக்கு நானே ‘கரவு உண்டு’ என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

தமிழாசிரியர்:

கரத்தல் முதலில் மறைத்தல் மட்டுமே. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்னும் குறளில், கிடைத்ததை மறைக்காமல் சுற்றத்தை அழைத்து உண்கிறது காக்கை. வஞ்சகம் பின்னால் ஏறிய பொருள். கரப்பானையும் இந்த வேரில் அடக்கலாம் என்பது என் கருத்து. இடுக்கில் மறைவது அதன் இயல்பு.

யாழ்ப்பாணத்து அன்பர்:

கரப்பானை இந்த வேரில் அடக்க இன்னும் சான்று வேண்டும். பத்தித் தலைப்பாகக் ‘கரவு’ எனக்குச் சம்மதம். அடிக்குறிப்பில் இதரநுகத்தையும் சேருங்கள். எங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

சேர்த்துவிட்டேன். கரவுக்கு மூவர் இசைவு. வளர்ப்பவர் உடன்படவில்லை. சொல் முதலில் வரும் பக்கத்தில் ‘வளர்ப்போர் வழக்கில் ஸ்பிளிட்’ என்று ஒருமுறை குறிப்பிடுகிறேன். இன்று இரவு கோப்பை அனுப்புகிறேன்.

விலங்கியல் ஆசிரியை:

அனுப்புவதற்கு முன் கரும்பச்சைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். நிறத்தை அடர்த்தியாக்கும் கருமைக் காரணியும் நீல மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பவை. கருமை ஒரு பெற்றோரிடமிருந்தும் நீலம் மற்றதிலிருந்தும் வந்தால் அந்தக் கரும்பச்சை ஸ்பிளிட் முதல் வகை. இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்தால் இரண்டாம் வகை. வான்நீலத்தோடு சேர்த்தால் முதல் வகை பெரும்பாலும் கரும்பச்சையும் வான்நீலமும் தரும். இரண்டாம் வகை பெரும்பாலும் வெளிர்பச்சையும் கோபால்ட் என்னும் அடர்நீலமும் தரும். உங்கள் அட்டவணையிலோ இரண்டுக்கும் தோற்றம் கரும்பச்சை, கரவு நீலம் என்று ஒரே வரிதான் வருகிறது.