பாளையங்கோட்டை ஆச்சி வீடு (23 பேர்)

வெள்ளிக்கிழமை

ஐயப்பன் மாமா 6:12
*பல முறை பகிரப்பட்டது*
என்சைம்தான் உயிர்ச்சக்தி!! அது வங்கிக் கணக்கு மாதிரி. சமைத்த உணவு தின்னத் தின்னக் கரையும். என்சைம் தீர்ந்தால் ஆயுள் தீர்ந்தது!! எல்லா நோய்க்கும் மூலம் குடலே. 10 பேருக்கு அனுப்பவும் 🙏

சங்கர் (மருந்துக்கடை) 6:40
மாமா, இது எட்வர்ட் ஹோவெல்னு ஒரு அமெரிக்க டாக்டர் போன நூற்றாண்டுல கிளப்பிவிட்டது. என்சைம்ங்கிறது சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற ஒரு புரதம். கணையம் தெனமும் புதுசு புதுசா செய்யுது. பேங்க்ல போட்டு வைக்கிற சமாச்சாரம் இல்ல

ஐயப்பன் மாமா 6:43
அப்போ நான் பல்லு பிடுங்கினப்போ டாக்டரே என்சைம் மாத்திரை எழுதினாரே? உங்க கடையிலதானல வாங்கினேன்

சங்கர் (மருந்துக்கடை) 6:51
அது செரேஷியோபெப்டிடேஸ், வீக்கத்துக்குக் குடுக்கிற என்சைம். பட்டுப்புழு வயித்துல இருக்க ஒரு பாக்டீரியாகிட்ட கண்டுபிடிச்சது. கூட்டைக் கரைச்சு வெளிய வர அந்தப் பூச்சிக்கு ஒதவுதுன்னு கதை சொல்லி, மனுசன் வீக்கத்தையும் கரைக்கும்னு வித்தாவ. ஜப்பான்காரன் டம்மி மாத்திரையோட வச்சுப் பாத்தான், வித்தியாசமே இல்ல. 2011ல அங்க வாபஸ் வாங்கிட்டான். இங்க இன்னும் ஓடுது. சீட்டுல எழுதினா நான் குடுத்துத்தான ஆகணும்

சங்கர் (மருந்துக்கடை) 6:53
கணையம் கெட்டுப்போனவங்களுக்கு என்சைம் கேப்சூல் நெசமாவே வேணும். அது வேற கதை

பத்மா அத்தை 7:05
உங்க மாமா விக்கதுக்குன்னு அந்த என்சைம் பவுடர் 14 டப்பா வாங்கிக் கட்டிலுக்குக் கீழ அடுக்கி வச்சிருக்காவ. ரெண்டு டப்பா கார் டிக்கியில மே மாசம் பூரா வெந்துச்சு

சங்கர் (மருந்துக்கடை) 7:08
அதுல "500 கோடி நல்ல பாக்டீரியா"ன்னு போட்டிருக்குமே. வித்து மாதிரி ஓட்டுக்குள்ள தூங்குற ஸ்போர் வகைன்னா சூடு தாங்கும். தயிர்ல இருக்க லாக்டோபேசில்லஸ் வகைன்னா டிக்கியிலயே காரியம் முடிஞ்சிருக்கும் 😂

செல்வி சித்தி 7:30
காலைலயே சண்டையா. கவிதா, இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாரும்மா
*[புகைப்படம்]*
9 வருசமா தைராய்டு மாத்திரை 75 போடுதேன். இப்போ கூடிப்போச்சாம், 50 ஆக்கணும்னு டாக்டர் சொல்லுதார்

கவிதா (லேப்) 7:44
டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்குற சிக்னல், ஹார்மோன் கூடினா இது கொறையும்) 0.18தான் இருக்கு, டி4 (தைராய்டு ஹார்மோன்) கூடுதல். சித்தி, படபடப்பு இருக்கா? கை நடுங்குதா? மெலிஞ்சியளா?

செல்வி சித்தி 7:46
எங்க மெலிஞ்சேன். ரெண்டு கிலோ கூடிருக்கு. படுத்தா விடிஞ்சதுதான் தெரியும். காலைல எந்திரிக்கவே சோம்பலா கெடக்கு

கவிதா (லேப்) 7:47
ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. வேற என்ன மாத்திரை சாப்பிடுதிய?

செல்வி சித்தி 7:48
ஒண்ணும் இல்ல

செல்வி சித்தி 7:48
ஐயப்பன் அண்ணன் குடுத்த பவுடரும் முடி மாத்திரையும்தான்

கவிதா (லேப்) 7:49
அந்த டப்பா பின்பக்கம் போட்டோ எடுத்துப் போடுங்க

செல்வி சித்தி 7:55
*[புகைப்படம்]* *[புகைப்படம்]*

கவிதா (லேப்) 8:02
முடி மாத்திரை ஒண்ணுல பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு வேண்டியதே 30 மைக்ரோகிராம்தான். எத்தனை போடுதிய?

செல்வி சித்தி 8:03
ரெண்டு. அண்ணன்தான் ரெண்டு போடு, சீக்கிரம் வளரும்னான். டெஸ்டுக்குப் போன அன்னைக்கும் தைராய்டு மாத்திரை, பவுடர், இது எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிட்டுத்தான் போனேன்

கவிதா (லேப்) 8:15
சரி, கேளுங்க. பல மெஷின்ல டி.எஸ்.எச். பாக்கிற கிட்லயே பயோட்டின்தான் கொக்கி. டி.எஸ்.எச்.சைப் பிடிக்கிற ஆன்டிபாடி வாலுல அதை ஒட்டி வச்சிருப்பாவ. அந்த வால் போய் ஒரு மணியில உக்காரும். உக்காந்ததை எண்ணித்தான் மெஷின் நம்பர் சொல்லும். ஜங்ஷன்ல பஸ் வந்ததும் சன்னல் வழியாத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பாவல்லா? உங்க ரத்தத்துல இருந்த மாத்திரை பயோட்டின் எல்லா சீட்டுலயும் துண்டு போட்டுட்டு. டி.எஸ்.எச். நின்னுக்கிட்டே வந்து, கழுவும்போது வெளிய போயிட்டு. டி4 டெஸ்ட் நேர் எதிர், அதுல கொக்கி மாட்டின ஆன்டிபாடி கொறைச்சலா உக்காந்தா டி4 கூடுதல்னு காட்டும்

கார்த்திக் சென்னை 8:17
அய்யோ செம. பேய்க்கணக்கு

கவிதா (லேப்) 8:20
வெளையாட்டு இல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2017லயே எச்சரிச்சிருக்கு. மாரடைப்புக்குப் பாக்கிற ட்ரோபோனினையும் கொறைச்சுக் காட்டும். அப்படி ஒருத்தர் எறந்தும் போயிருக்கார். சித்தி, டாக்டர்கிட்ட இந்த டப்பா விசயத்தைச் சொன்னியளா?

செல்வி சித்தி 8:22
வேற மருந்து சாப்பிடுதியளான்னு கேட்டார். இல்லன்னேன். அண்ணன்தான் இது மருந்தே இல்ல, சத்துன்னு சொன்னானே

சங்கர் (மருந்துக்கடை) 8:25
மாமா சொன்னது சட்டப்படி சரிதான் 😐 போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க, "மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு கடுகு எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கு. உணவுக் கட்டுப்பாட்டு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குடுக்கிற 14 இலக்க நம்பரைக் காட்டி "கவர்மென்ட் சர்டிஃபிகேட்"னு விக்காவ. நம்ம தெரு பேக்கரிக்கும் அதே 14 இலக்கம் உண்டு

ஐயப்பன் மாமா 8:31
நான் என்ன விசமா குடுத்தேன்? உங்க அலோபதியில சைடு எஃபெக்டே இல்லையா? நல்ல பாக்டீரியா, புரோபயாடிக் எல்லாம் பொய்யா?

சங்கர் (மருந்துக்கடை) 8:38
பொய்னு யாரு சொன்னா. ஆன்டிபயாடிக் போட்டு வயித்தால போகும்போது சில வகை நல்லாவே கேக்கும், நானே குடுக்கேன். எந்த வகை, எதுக்கு, எத்தனை நாள்ங்கிறதுலதான் விசயம். சுகர், மூட்டு, முடி எல்லாத்துக்கும் ஒரே டப்பான்னாத்தான் இடிக்குது

கவிதா (லேப்) 8:41
சித்தி, ரெண்டையும் நிறுத்துங்க. டாக்டருக்கு இப்பவே போன் போட்டு டப்பா பேரோட சொல்லுங்க. 75ஐக் கொறைக்க வேண்டாம்னுதான் சொல்லுவார்னு நெனைக்கேன். செவ்வாய்க்கெழம நானே வந்து ரத்தம் எடுக்கேன்

புதன்கிழமை

கவிதா (லேப்) 5:50
சித்தி ரிப்போர்ட் வந்துட்டு. டி.எஸ்.எச். 8.6

கார்த்திக் சென்னை 5:52
0.18ல இருந்து 8.6? அம்மாவுக்கு என்னாச்சு?

கவிதா (லேப்) 5:58
உங்கம்மாவுக்கு ஹார்மோன் கூடவே இல்ல, பத்தல. அந்தப் பவுடர்ல கால்சியமும் இரும்பும் இருக்கு. தைராய்டு மாத்திரையோட சேந்து போட்டா மாத்திரையை உள்ள ஏறவிடாது. 4 மணி நேரம் இடைவெளி வேணும். மூணு மாசமா 75 போட்டும் பாதி வீணாத்தான் போயிருக்கு. அதுல இன்னும் 50 ஆக்கியிருந்தா?

செல்வி சித்தி 6:03
டாக்டர் 75ஏ போடச் சொல்லிட்டார். ஒன்றரை மாசம் கழிச்சுப் பாக்கலாம்னார். டப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லிருந்தாரு, கொண்டுபோனேன். ரெண்டு நிமிசம் ஒண்ணும் பேசாம திருப்பித் திருப்பிப் பாத்தார்

ஐயப்பன் மாமா 6:10
செல்வி, எனக்கு இது தெரியாதும்மா. ரெண்டு மாத்திரை போடுன்னு இந்தச் சங்கிலி வியாபாரத்துல எனக்கு மேல உள்ளவர் மீட்டிங்ல சொன்னார், நான் ஒங்கிட்ட சொன்னேன்

செல்வி சித்தி 6:12
விடுண்ணே. மதியம் சாப்பிட வா

ஆச்சி 6:20
*குரல் பதிவு 0:14*
"எய்யா சங்கரு, அந்தச் செவப்புக் கரடி பொம்ம மாதிரி இனிப்பு... ஐயப்பன் எனக்கும் ஒரு டப்பா குடுத்தாம்லா. முடிக்கு நல்லதாம்லா. காலைல மூணு தின்னேன். அது ஒண்ணும் செய்யாதுல்லா?"

கவிதா (லேப்) 6:21
சித்தி!! ஆச்சிக்கு ரத்தம் எடுக்க நாளைக்குத்தான ஆள் வாராவ?

செல்வி சித்தி 6:21
ஆமா, 6 மணிக்கு. தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பாக்கணும்னு எழுதியிருக்கு

கவிதா (லேப்) 6:22
வேண்டாம்னு சொல்லுங்க. திங்கக்கெழம வரட்டும். கரடி டப்பாவை ஆச்சிக்கு எட்டாத எடத்துல வைங்க

பத்மா அத்தை 6:24
கட்டிலுக்குக் கீழ கரடி எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வாரேன்

ஐயப்பன் மாமா 6:25
🚫 *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*