டீசல் பெட்ரோல் மாறிப்போச்சு, வண்டியை எடுக்கலாமா? அவசரம்

நடைவண்டி:
பெட்ரோல் பங்கில் எரிபொருளை மாற்றிப் போட்டுவிட்டார்கள். வண்டி இன்னும் பம்புக்கு முன்னால்தான் நிற்கிறது, பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். மேலே சரியானதை நிரப்பினால் கலந்து சரியாகிவிடும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். மெதுவாக ஓட்டி வீட்டுக்குப் போய்விடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கியர்மணி:
டீசல் வண்டியில் பெட்ரோலா, பெட்ரோல் வண்டியில் டீசலா? என்ன வண்டி? எவ்வளவு உள்ளே போனது?

மழைக்குருவி:
ஸ்டார்ட் செய்தீர்களா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் செய்யவே வேண்டாம்.

பழைய ஸ்பேனர்:
இதே கேள்வி எத்தனை முறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. டீசல் குழாயின் முனை பொதுவாகத் தடிமன், பெட்ரோல் வண்டியின் வாயில் எளிதில் நுழையாது. பெட்ரோல் முனை டீசல் வண்டியில் தாராளமாக நுழையும். ஆகவே டீசல் வண்டியில் பெட்ரோல் போயிருக்கும். இதைக்கூட நாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடைவண்டி:
ஆமாம், டீசல் வண்டிதான். கால் டேங்க் பெட்ரோல் இருக்கும். ஸ்டார்ட் செய்யவில்லை, முள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க சாவியை மட்டும் திருப்பினேன்.

மழைக்குருவி:
இனி அதுவும் வேண்டாம். டாஷ்போர்டு விளக்குகள் எரியும் நிலைக்குச் சாவி வந்தாலே பல வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் பம்பு ஓடி, எரிபொருளை இன்ஜினுக்குப் போகும் லைனுக்குள் தள்ளிவிடும். ஸ்டியரிங் பூட்டு விடுபடுகிற முதல் நிலைவரை மட்டும் திருப்பி, நியூட்ரலில் போட்டு, நாலு பேரை வைத்து ஓரமாகத் தள்ளுங்கள். ஹாரன் அடிப்பவர்களையே கூப்பிடுங்கள், வருவார்கள்.

லாரிக்காரன்:
இவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை. குளிர் நாடுகளில் டீசல் உறையாமல் இருக்கப் பெட்ரோல் கொஞ்சம் கலக்கலாம் என்று பழைய வண்டிகளின் கையேட்டிலேயே போட்டிருந்தான். டேங்க் முட்ட டீசல் அடித்து, கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி ஓட்டுங்கள்.

கியர்மணி:
அண்ணே, அது பழைய இன்ஜின் கதை. டீசலை இன்ஜினுக்கு அனுப்புகிற அந்தக் காலத்து இன்லைன் பம்புக்கு இன்ஜின் ஆயில் தனியாகப் போகும். இப்போது வருவது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் முனை) ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் முறை. அந்தப் பம்புக்கு டீசல்தான் ஆயில். 1,600, 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்கிற பம்பில் பெட்ரோல் போனால் அந்த எண்ணெய்ப் பசை கழுவப்பட்டு, உலோகமும் உலோகமும் நேராக உரசும். பொடி பொடியாகத் துகள் கிளம்பி இன்ஜெக்டருக்குப் போகும், மீதி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். அப்புறம் பம்பு, இன்ஜெக்டர், லைன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

லாரிக்காரன்:
நான் பார்த்த வண்டிகள் எதற்கும் எதுவும் ஆகவில்லை.

கியர்மணி:
நீங்கள் பார்த்ததில் காமன் ரெயில் எத்தனை? அதைச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:
இருவருமே பாதிதான் சொல்கிறீர்கள். காமன் ரெயிலிலும் பம்புக்குப் பம்பு வித்தியாசம் உண்டு, அதெல்லாம் இங்கே எழுதிப் புரிய வைக்க முடியாது.

சுடர்விழி:
ஒரு ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டால் இழுவை வண்டிச் செலவு மிச்சம்தானே?

மழைக்குருவி:
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். போதாததற்கு, பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே தீப்பிடிக்கக்கூடியது, டீசல் அதைவிட நன்றாகச் சூடேற வேண்டும். இரண்டும் கலந்தால் மொத்தத்தையும் பெட்ரோலாகவே நினைத்துக் கையாள வேண்டும். நடைவண்டி, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். டேங்கை முழுதாகக் காலி செய்து, டீசல் ஃபில்டரை மாற்றி, லைனைப் புது டீசலால் கழுவி, லைனில் மாட்டிய காற்றை வெளியே எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பங்கு பில்லைப் பத்திரமாக வையுங்கள், அதில் என்ன எரிபொருள், எத்தனை லிட்டர் என்று இருக்கும். பணம் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

கியர்மணி:
என்ன ஆச்சு நடைவண்டி?

நடைவண்டி:
தள்ளி நிறுத்தி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். டேங்க் காலி செய்து ஃபில்டர் மாற்றியாச்சு, வண்டி ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

மழைக்குருவி:
நல்லது. பழைய ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தார்களா? உள்ளே மினுமினுப்பாகத் துகள் ஏதும் இருந்ததா?

மழைக்குருவி:
நடைவண்டி?

புதுவரவு:
என்னுடையது பெட்ரோல் வண்டி. டீசல் போட்டுவிட்டார்கள் போல, வெள்ளையாகப் புகை வருகிறது, இன்ஜின் விக்கி விக்கி ஓடுகிறது. எனக்கும் இதே வழிதானா?

கியர்மணி:
முதலில் இன்ஜினை அணையுங்கள். அப்புறம் எத்தனை லிட்டர், எவ்வளவு தூரம் ஓடியது என்று தனி இழையாகப் போடுங்கள். உங்களுக்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.