நம்பை<2 என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

மலைக்கோட்டை:
நேற்று இங்கே, நம்பை (பைத்தானின் எண்கணக்கு லைப்ரரி) தகராறு செய்கிறது என்று கேட்ட ஒருவருக்கு, ஒரு பெரியவர் "ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் நம்பை<2 என்று போடு, வேலை முடிந்தது" என்று தீர்ப்பு சொல்லியிருந்தார் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியலில் நம்பையை 2.0-க்குக் கீழான பதிப்பிலேயே நிறுத்து என்று அர்த்தம்), கீழே நன்றி நன்றி என்று வரிசை வேறு. பைத்தான் 3.13 வைத்திருப்பவன் அப்படிப் போட்டால் என்ன ஆகும்? நம்பை 1.26.4-க்கு 3.13-இல் வீலே (முன்பே கம்பைல் செய்து வைத்த பொதி) கிடையாது, ஆனாலும் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) அதைத் தடுக்காது, சோர்ஸை இறக்கி அங்கேயே கம்பைல் செய்யப் பார்க்கும். விண்டோஸில் சி கம்பைலர் இல்லாத பையன் பக்கம் பக்கமாக எரர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காவிரிக்கரை:
அந்தப் பெரியவர் நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம், பயம் வேண்டாம். கேட்டவர் வைத்திருந்தது பைத்தான் 3.11. அதற்கு வீல் இருக்கிறது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது 1.x வைத்துக் கம்பைல் செய்த பேக்கேஜ்கள் பல இம்போர்ட்டிலேயே விழுந்தன. அப்போது எங்கள் லேபைக் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான்.

மலைக்கோட்டை:
3.13-இல் வீல் இல்லை. இதற்குப் பதில் வரவில்லை. 2.0 வைத்துக் கம்பைல் செய்தது 1.x-இலும் ஓடும், தலைகீழாகத்தான் ஓடாது. நம்பையை நம்பி ஓடும் லைப்ரரிகளான பாண்டாஸ் 2.2.2, சைபை 1.13 எல்லாம் 2.0 வருவதற்கு முன்பே தயாராகிவிட்டன. மற்ற பேக்கேஜைப் புதிய பதிப்புக்கு ஏற்றாமல் நம்பையின் காலைக் கட்டுவது என்ன வைத்தியம்?

வடக்குவீதி:
சைபைக்காரர்களே 1.13-இல் நம்பை<2.3 என்று மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்தால் பொறுப்பு, நாங்கள் வைத்தால் சோம்பேறித்தனமா சார்?

மலைக்கோட்டை:
அது வரப்போகும் பதிப்புகளுக்கு இடம் விட்டு வைத்த வரம்பு. உங்களுடையது 2 என்ற எண்ணைப் பார்த்தே பயந்து போட்ட பூட்டு. 3.13-க்குப் பதில் எங்கே?

நள்ளிரவு:
மினிஃபோர்ஜ் போடுங்கள், காண்டா என்ற பேக்கேஜ் நிறுவும் கருவி அதோடு வரும். நம்பைக்கு வேண்டிய ஓபன்பிளாஸ் கணக்கு லைப்ரரி முதல் ஃபோர்ட்ரான் லைப்ரரி வரை காண்டாவே கம்பைல் செய்ததாகக் கொண்டுவரும். இதற்கா இத்தனை சண்டை?

வடக்குவீதி:
காண்டாவா? 200 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனி என்றால் காசு கேட்பார்கள்.

நள்ளிரவு:
அது அனகோண்டா கம்பெனியின் டிஃபால்ட்ஸ் சேனலுக்கு (பேக்கேஜ் களஞ்சியம்). நான் சொன்ன மினிஃபோர்ஜ் எடுப்பது காண்டா-ஃபோர்ஜ் என்ற வேறு சேனலிலிருந்து. படித்துவிட்டுப் பேசுங்கள்.

காவிரிக்கரை:
படிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன வருஷம் டெபியன் 12 லினக்ஸில் பிப் ஓடாமல் சிக்கிய ஒருவருக்கு வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் சூழல்) பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் போடு" (சிஸ்டத்தின் தடையை மீறி நிறுவு) என்றவர் இதே மலைக்கோட்டை. இப்போது நமக்கு வைத்தியம் சொல்லித் தருகிறார்.

மலைக்கோட்டை:
அது கன்டெய்னருக்குள், மெயின் சிஸ்டத்தைத் தொடாத தனிப் பெட்டிக்குள்! அன்றைக்கே பத்து முறை சொன்னேன், உங்களுக்குப் பாதி வரிதான் கண்ணில் படும். சரி, விஷயத்துக்கு வாருங்கள். 3.13.

காவிரிக்கரை:
3.11.

புதுமாணவன்:
அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். என்னிடம் 3.12, 'என்பி.ஃப்ளோட்_ நம்பை 2.0-இல் நீக்கப்பட்டது' என்று எரர் வருகிறது. எதை இன்ஸ்டால் செய்யணும்?

நள்ளிரவு:
எதையும் வேண்டாம். உங்கள் கோடில் அதை ஃப்ளோட்64 என்று மாற்றுங்கள்.

காவிரிக்கரை:
தம்பி, நம்பை<2 போடுங்கள். 3.12-க்கு வீல் இருக்கிறது, ஓடும்.

மலைக்கோட்டை:
போடாதீர்கள். நாளைக்கு 3.13-க்கு மாறும்போது இவர் வந்து கம்பைல் செய்து தரமாட்டார்.