நாமினி இல்லாத வைப்புத்தொகை: நீதிமன்றச் சான்றிதழ் கட்டாயமா?

கேள்வி:
வணக்கம். திருச்சியில் வசித்த என் தந்தையார் உயில் எழுதாமல் சென்ற ஆண்டு காலமானார். தனியார் வங்கி ஒன்றில் 11 லட்ச ரூபாய் வைப்புத்தொகையும், டிமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) ஏறத்தாழ 18 லட்சம் பெறுமான பங்குகளும், நாங்கள் குடியிருக்கும் வீடும் அவர் பெயரில் உள்ளன. எல்லாம் அவருடைய சுய சம்பாத்தியம். வைப்புத்தொகைக்கும் பங்குகளுக்கும் நாமினி இல்லை. அம்மா, நான், தங்கை ஆகிய மூவர் பெயரில் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். அப்பாவின் தாயாரான எங்கள் அப்பத்தாவும் எங்களுடன்தான் இருக்கிறார். நீதிமன்றத்தில் சக்சஷன் சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் பணம் தர இயலும் என்று வங்கியில் சொல்கிறார்கள். வீட்டுக்கும் அது வேண்டுமா?

பதில் 1 (வழக்கறிஞர்):
விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் அப்பத்தாவின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயாரும், மனைவி, மக்களைப் போலவே, முதல் உரிமையுள்ள முதல் வகுப்பு வாரிசு. ஆகவே உங்கள் வீட்டில் வாரிசுகள் நால்வர், ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. அவரை விட்டுவிட்டு வாங்கும் சான்றிதழை எவரேனும் ஆட்சேபித்தால் அது ரத்தாகும். பாகம் பிரித்து முடிப்பதற்குள் அவர் காலமாகிவிட்டால், அவருடைய கால் பங்கில் உங்கள் சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் உரிமை வந்துவிடும் என்பதால், அவர் நலமாக இருக்கும்போதே இதை முடிப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

வீட்டுக்குச் சக்சஷன் சர்டிபிகேட் தேவையில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் வழங்கும் அச்சான்றிதழ், இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கும் பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றுக்கும் மட்டுமே உரியது. பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழும், வாரிசு சான்றிதழும், மூலப் பத்திரமும் கொண்டு விண்ணப்பியுங்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):
வங்கி சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். நாமினி இல்லாத கணக்குகளில், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாத நிலையில், 15 லட்ச ரூபாய் வரை நீதிமன்ற ஆவணம் கேட்காமல் எளிய முறையில் பணம் வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. கூட்டுறவு வங்கிகளுக்கு இந்த வரம்பு 5 லட்சம். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதித் தரும் பத்திரம்), பணம் பெறாத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அதன் பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

பதில் 3 (வழக்கறிஞர்):
முன்னவர் சொன்னது சரி. பங்குகளின் நிலை வேறு: டிமேட் கணக்கில் எளிய நடைமுறைக்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வைத்த வரம்பு 15 லட்சம், உங்களுடையது அதைத் தாண்டுவதால் நீதிமன்றம் செல்ல நேரலாம். அப்படிச் சென்றால், மனுவின் சொத்து அட்டவணையில் பங்குகளை மட்டும் காட்டுங்கள். கட்டணம் அட்டவணை மதிப்பின்மீது கணக்கிடப்படுவதால், வங்கித் தொகையையும் சேர்ப்பது வீண் செலவு. தந்தையார் கடைசியாக வசித்தது திருச்சி என்பதால் மனு அங்குள்ள நீதிமன்றத்துக்கே உரியது. இறந்த தேதி, வசித்த இடம், உறவினர்களின் பெயர்கள், முகவரிகள், நீங்கள் உரிமை கோரும் அடிப்படை ஆகியவை அதில் இருக்க வேண்டும். நிறுவனம் வாரியாகப் பங்கு எண்ணிக்கையை டிமேட் அறிக்கையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். ஒரு நிறுவனம் விடுபட்டாலும், சான்றிதழை அதற்கு நீட்டிக்கத் தனியாக மனு போட வேண்டிவரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுப் போதுமா?

பதில் 2 எழுதியவர்:
போதும். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டி விளக்கியதாக ஒரு வரி எழுதி, இடது பெருவிரல் ரேகை வைக்கச் செய்து, பங்கு பெறாத இருவரைச் சாட்சிகளாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தம் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு விருப்பம் இல்லையெனில், ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்காமல் அவரையும் கோரிக்கைதாரராகச் சேர்த்துவிடுங்கள்.